நறுமுகைக்குச் சீர் கொண்டு போகிறேன்

அந்தப் பெட்டிமேல் பையை வைத்துவிடாதீர்கள், அம்மிணி. மானிட்டர் அது, உள்ளே கண்ணாடி. உங்கள் பையை இப்படிக் கொடுங்கள், என் காலடியில் வைத்துக்கொள்கிறேன். இல்லை, மடியில் இருப்பதை மட்டும் நகர்த்தமாட்டேன். இருப்பதிலேயே விலை கூடின சாமான் இதுதான். கிராஃபிக்ஸ் கார்டு என்று பெயர். ஈரோட்டில் ஏறினதிலிருந்து இதைக் கீழே வைக்கவில்லை. நீங்கள் ஏறினீர்களே மதுரையில், அங்கே எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். அறுபதைத் தொடப்போகிறவள் கம்ப்யூட்டர் கடையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். கண்டக்டரும் சிரித்தார். "என்னம்மா, ராக்கெட் விடப் போறீங்களா?" என்றார். "சீர் கொண்டு போறேனுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெட்டி மூலைகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறேன்.

என் மகளுக்கு. நறுமுகை என்று பெயர். கல்லூரியில் தமிழ் படித்தபோது பிடித்துப்போன சொல், பெண் பிறந்ததும் எடுத்து வைத்துவிட்டேன். வீட்டில் முகை. தூத்துக்குடியில் இருக்கிறாள். போன ஆடியில் கல்யாணம். நாங்கள் பண்ணிவைக்கவில்லை, அவளாகப் பண்ணிக்கொண்டாள். ஜெயசீலன் என்று பையன். கோயம்புத்தூரில் அவளோடு வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்து ஆள் இல்லை. எங்கள் ஆட்களும் இல்லை. அதற்குமேல் நீங்கள் கேட்கவேண்டாம், நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் பேசுகிற விஷயமா அது.

அவள் போன அன்று என் வீட்டுக்காரர் கிணற்றடியில் தலை முழுகினார். எழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி. ஈரத் துண்டோடு வந்து நின்று, "எனக்கு ஒரே பையன்" என்றார். அதோடு சரி, அவள் பெயரை வாயில் எடுத்ததில்லை. சுவரில் இருந்த அவள் படத்தை என் கொழுந்தனார் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆணி மட்டும் நின்றது. வெறும் ஆணியைப் பார்க்கச் சகிக்காமல் நான் அதில் ஒரு காலண்டரை மாட்டினேன். மறுநாள் காலண்டர் தரையில் கிடந்தது. யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

தை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ஒரு மத்தியானம், ஆம்பளைகள் தறிப்பட்டறையில் இருக்கிற நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் பேச்சு இல்லை. மூச்சு மட்டும். மூச்சை வைத்தே கண்டுபிடித்தேன். எனக்குக் காது அப்படி, அம்மிணி. பட்டறையில் அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது எதில் இழை அறுந்திருக்கிறது என்று சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவேன். "சாப்பிட்டியா கண்ணு?" என்றேன். அந்தப் பக்கம் அழுகை உடைந்தது. அந்த எண்ணைப் பூக்காரி என்று பெயர் போட்டு வைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து அடிக்கடி பேசுவோம். ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் சொல்லமாட்டாள். "உனக்குத் தெரியாம இருக்கறதுதாம்மா எல்லாருக்கும் நல்லது" என்பாள். நல்லதாம். பெற்றவளுக்கு மகள் இருக்கிற ஊர் தெரியக்கூடாதாம். எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? உங்களுக்குப் பெண் இருக்கிறதா? ஒன்றாவது படிக்கிறதா? சரி, சரி. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தரணிக்குத் தெரிந்துவிட்டது. தரணிதரன், என் மகன், முகைக்கு மூத்தவன். கொல்லைப்புறம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், திரும்பினால் பின்னால் நிற்கிறான். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன் கோபம் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அவன் கத்தவில்லை, அம்மிணி. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "எதுக்கும்மா இப்படி நடுங்கறே? என்ற தங்கச்சிதானே. நல்லா இருக்கறாளா?" என்றான். தங்கச்சி என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து எத்தனை மாதமாயிற்று! தண்ணீரைக் குடிக்கக்கூட மறந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவனாகத்தான் ஆரம்பித்தான். "அவளுக்குச் சின்னதுல இருந்து கேமிங் கம்ப்யூட்டர்னா உசுரு. நாம ஒரு சீரும் செய்யல. அதையே சீராச் செஞ்சு போடலாம்மா. நான் கூட இருக்கறது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம். கொண்டு போய் நிக்கறப்ப அவ மூஞ்சியப் பாக்கணும்."

எப்படி ஞாபகம் வைத்திருக்கிறான் பாருங்கள். பட்டறைக் கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தோம். அதில் இரண்டு பேரும் சுடுகிற விளையாட்டு விளையாடுவார்கள். ஒருநாள் தரணியின் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் முகை அவனைத் தோற்கடித்துவிட்டாள். ஒரு ஆட்டத்தில் இல்லை, வரிசையாக எல்லா ஆட்டத்திலும். "டேய் தரணி, தங்கச்சிகிட்ட டியூஷன் போடா" என்று பையன்கள் சிரித்தார்கள். தரணியும்கூடச் சிரித்தான். எல்லோருக்கும் டீ கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, கீபோர்டைத் தூக்கி அவள் கைமேல்… எலும்பில் சின்ன விரிசல்தான். மாவுக்கட்டுப் போட்டோம். டாக்டரிடம் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னோம். அண்ணன் தங்கை சண்டை எந்த வீட்டில் இல்லை? அதற்குப் பிறகு அவள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. "எனக்குன்னு ஒண்ணு வாங்குவேன்" என்பாள். அவ்வளவுதான்.

நான் முதன்முதலாகக் கேட்டபோது எப்படிச் சிரித்தாள் என்கிறீர்கள். "கண்ணு, உனக்கு எந்த ப்ராசஸர் வேணும்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ம்மா, காய்க்காரன்கிட்ட முருங்கக்காய் கேக்கற மாதிரியே கேக்கறே" என்றாள். என் வளையல் இரண்டை அடகு போட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். தரணி அப்படித்தான் சொல்லச் சொன்னான். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். எத்தனை தடவை வேண்டாம் என்றாள்! ஆனால் ஆசை கேட்குமா? மறுநாள் அவளே கூப்பிட்டு, "ம்மா, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன், கார்டு மட்டும் நல்லதா இருந்தா மத்ததெல்லாம் மெதுவா மாத்திக்கலாம்" என்றாள். சும்மா ஒரு பேச்சுக்கு! குழந்தை.

ஒரு கம்ப்யூட்டருக்கு இத்தனை கேள்வி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தரணி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பான். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் காதில் சொல்லுவான், நான் அவளிடம் கேட்பேன்.

"கேபினெட் இரும்பா அலுமினியமா, கேளு." கேட்டேன். "இரும்பு வேண்டாம்மா. இங்க வாங்கின பீரோ அதுக்குள்ள துருப்புடிச்சுருச்சு" என்றாள். தரணி தலையை ஆட்டிக்கொண்டான். கடல் காத்து என்று வாயை அசைத்தான். அடடா, சாமான் துருப்பிடிக்கக்கூடாது என்பதில் இவனுக்கு எவ்வளவு கவனம் என்று நினைத்தேன்.

"பவர் சப்ளை வாங்கணும்னா அங்க கரண்ட் எப்படின்னு தெரியணும்." கேட்டேன். "கரண்ட் பரவால்லம்மா. நேத்து மட்டும் காலையில போனது சாயங்காலம்தான் வந்துச்சு. மாசாமாசம் பராமரிப்புன்னு நிறுத்துவாங்கல்ல, அது. ஃபேன் இல்லாம வெந்துட்டேன்." "அப்படின்னா யூபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கணும் கண்ணு" என்றேன், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகவே. அவளுக்கு ஒரே பெருமை. "ம்மா, நீ தேறிட்டே" என்றாள். அன்று பூராவும் தரணி ஃபோனில் ஒவ்வொரு ஜில்லாப் பேப்பராகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாளை இன்ன ஊரில் இன்ன தெருக்களுக்கு மின்தடை என்று ஒரு மூலையில் போடுவார்களே, அந்தப் பக்கம். பேப்பரே தொடாத பையன் பேப்பர் படிக்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். காபி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

"பெட்டி கனமா இருக்கும், லிஃப்ட் இருக்கான்னு கேளு." "ஏதும்மா லிஃப்ட்? மொட்டை மாடியில ஒத்தை வீடு. வெளிப்பக்கமா இரும்புப் படி. ஜெயன் பாவம், சிலிண்டர் தூக்கிட்டு வர்றதுக்குள்ள படிக்கொருதரம் நின்னு மூச்சு வாங்குவாரு." பக்கத்தில் ஆள் இருக்காங்களா என்று தரணி சைகை காட்டினான். அது கம்ப்யூட்டர் கேள்வி மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு தாய் கேட்கிற கேள்விதானே. கேட்டேன். "கீழ் வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. பகல்ல நானும் காக்காயும்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"ம்மா, பக்கத்துல யாரு?"

"யாருமில்ல கண்ணு. டிவி ஓடுது."

"சத்தியமா?"

"சத்தியமா."

தரணி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தானே. சீரோடு போய் வாசலில் நின்றால் அவளே சிரிக்கப்போகிறாள்.

ரேம் என்று ஒன்று இருக்கிறது, அம்மிணி. சீப்பு மாதிரி, பச்சையாக. "அதை ஜோடியாப் போடணும்மா. ஒத்தையாப் போட்டாலும் ஓடும், ஆனா நொண்டும்" என்றாள். ஜோடியாகவே வாங்கினேன். அதோ மேலே இருக்கிற மஞ்சப்பையில்.

மானிட்டருக்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. மேசை எத்தனை அகலம், சன்னல் எந்தப் பக்கம். "சன்னல் கிழக்கால. திறந்தா ஒரே வெள்ளை, கண்ணு கூசும்மா. பளபளப்பில்லாத திரையாப் பாரு." "என்ன கண்ணு வெள்ளை?" "அது… சும்மா வெட்டவெளி" என்று மழுப்பினாள். தரணிக்கு அது பிடிபடவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் சொன்னேன். "உப்பளம்டா அது. கடல் காத்து, கண்ணு கூசற வெள்ளை, வேற என்னவா இருக்கும்?" அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். அவள் பேசும்போது பின்னால் ஒரு ஊதல் கேட்டுக்கொண்டிருந்தது. தரணி ரயில் என்றான். ரயில் ஊதல் ஓடிக்கொண்டே தேயும், அம்மிணி. இது நின்ற இடத்திலேயே நின்று அடிவயிற்றிலிருந்து வந்தது. கப்பல். உப்பளமும் பெரிய கப்பலும் ஒன்றாக இருக்கிற ஊர் எது என்று எனக்கென்ன தெரியாதா?

தரணி என்னையே பார்த்தான். அப்புறம் குனிந்து என் காலைத் தொட்டான். "நீ இல்லாட்டி இது முடிஞ்சிருக்காதும்மா" என்றான். அவன் என் காலைத் தொட்டு எத்தனை வருஷம்!

கடைசியாக, எந்நேரம் விளையாடுவாள் என்று கேட்கச் சொன்னான். சூட்டுக்குத் தகுந்த மாதிரி ஃபேன் வைக்கவேண்டுமாம். "மத்தியானம்தாம்மா. ஜெயன் ஷிப்டு முடிஞ்சு இருட்டற நேரத்துக்குத்தான் வருவாரு." அந்தப் பதிலோடு தரணியின் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அப்புறம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவில்லை. இன்னும் கீபோர்டு, மவுஸ் எல்லாம் பாக்கி இருந்ததே. அதையெல்லாம் நானும் அவளுமாகப் பேசி முடிவு செய்தோம்.

முகை என்ன சொன்னாள் தெரியுமா? மதுரையில் ஒரு பார்சல் ஆபீசுக்கு அனுப்பிவிடு, ஜெயன் வந்து எடுத்துக்கொள்வார் என்றாள். எனக்குக் கோபமே வந்தது. சீரைப் பார்சலில் போடுவார்களா? பிறந்த வீட்டிலிருந்து கூடப் பிறந்தவன் கொண்டு போய், வாசலில் நின்று, உள்ளே கூப்பிட்டு, அவன் கையால் கொடுக்கவேண்டும். அதுதானே முறை. லாரி ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வதற்கு அவள் என்ன அநாதையா? அவளிடம் சரி என்றுதான் சொன்னேன். தரணியிடம் சொன்னபோது, "நீ சொல்றதுதாம்மா முறை. கூடப் பிறந்தவன்தான் போகணும்" என்றான்.

கோயம்புத்தூரில் கடைக்குப் போனோம். அங்கே ஒரு வேடிக்கை. தரணி கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னான். கடைக்காரர் நல்ல மனுஷர். "சார், இந்த ப்ராசஸர் இந்த போர்டுல உக்காராது. மாட்டினாலும் உயிர் வராது" என்றார். தரணி ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல, ஓடணும்னு அவசியமில்ல, போடுங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடாத கம்ப்யூட்டரை யாராவது சீர் கொடுப்பார்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பொறுமை இல்லை. நான்தான் நின்று, முகை சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றி வாங்கினேன். கடைக்காரர் வாரண்டிக்கு யார் பேர் போட என்று கேட்டார். நறுமுகை என்று சொல்ல வாயெடுத்தேன். "பேரெல்லாம் வேண்டாங்க" என்றான் தரணி.

முந்தாநாள் குலதெய்வம் கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் எந்த நல்ல காரியம் என்றாலும் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. என்ன காரியம் என்பதை மனசுக்குள்தான் நினைக்கவேண்டும், வாய்விட்டுச் சொல்லக்கூடாது. தரணி கண்ணை மூடி நின்றான். சிவப்பு வந்தது. மறுபடி கேட்டான். மறுபடி சிவப்பு. மூன்றாம் தடவை வெள்ளை வந்ததும், "குடுத்துருச்சு, போதும்" என்றார் கொழுந்தனார். ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு போய்க் கொடுப்பதற்குச் சாமி ஏன் இரண்டு தடவை மறுக்கிறது என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. யோசித்துக்கொண்டே எல்லோருக்கும் பொங்கலை எடுத்து வைத்தேன்.

இன்று காலையில் என் வீட்டுக்காரர் செய்ததைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும். ஒரு வருஷமாக வாய் திறக்காத மனுஷன், வாசல்வரை எழுந்து வந்து தரணி நெற்றியில் திருநீறு பூசினார். தோளைத் தட்டினார். கண் கலங்கியிருந்தது. மகளுக்குச் சீர் போகிறது, அப்பன் மனசும் இளகிவிட்டது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

இல்லை, அவர் வரவில்லை. தரணி, கொழுந்தனார், பங்காளி வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், நாலு பேரும் காரில் போகிறார்கள். என்னை ஈரோடு வரைக்கும் கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டுப் போனார்கள். "நாங்க முன்னாடி போய் வீட்டைப் பாத்து வெக்கறோம். நீ பெட்டிகளோட வா, பஸ் ஸ்டாண்டுல வந்து கூட்டிக்கறேன். நான் கூப்பிடற வரைக்கும் அவகிட்டப் பேசிராதே, விஷயம் கெட்டுரும்" என்றான். காரில் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இன்னும் கூப்பிடவில்லை. நான் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பான்.

எட்டயபுரம் தாண்டியாயிற்றா? ஏன், அம்மிணி, பேச்சையே நிறுத்திவிட்டீர்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன கேட்டீர்கள்?

சீர் இங்கே என் மடியில் இருக்கிறதே, அப்புறம் அவர்கள் எதைக் கொண்டு போனார்கள் என்றா?

டிக்கியில் இடமில்லை என்றான். ஏற்கெனவே சாமான் இருக்கிறது என்றான். என்ன சாமான் என்று நான் பார்க்கவில்லை. பெட்டியை வைக்கலாம் என்று நான் கையை வைத்ததும் பட்டென்று மூடிவிட்டான். பிடித்துத் தள்ளவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சிரமப்படாதேம்மா" என்றுதான் சொன்னான். பஸ்ஸில் இடம் பிடித்துக்கொடுத்தான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். சன்னல் வழியாகக் கையசைத்துச் சிரித்துக்கொண்டே…

அப்படி நினைக்காதீர்கள். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. ரொம்பக் கோபம் வந்தால்தான் அவன் இவ்வளவு தன்மையாக… இல்லை. நான் என்ன சொல்ல வந்தேன். அன்றைக்கும் அந்தப் பையன்களுக்கு டீ கொடுத்து, வாசல்வரை போய்…

பொறுங்கள். ஃபோன் அடிக்கிறது.

பூக்காரி. பேசாதே என்றான் தரணி. என்ன செய்யட்டும்? எடுக்கட்டுமா? எடுக்கிறேன்.

கண்ணு. சொல்லு கண்ணு. ஆமா, வெளியிலதான் இருக்கேன், பஸ் சத்தம். என்ன கார்? கீழயா நிக்குது? நம்ம ஊர் நம்பரா? இல்ல கண்ணு, நான் அதுல வரல. நான் அதுல இல்ல. எட்டிப் பாக்காதே, உள்ள வா. என்ன சத்தம் அது? இரு. பேசாதே. ஃபோனைக் கதவுகிட்டக் கொண்டு போய்ப் பிடி. அம்மா கேக்கறேன்.

இரும்புப் படி, அம்மிணி. ஒருவர் இல்லை. கனம் தூக்கி ஏறுகிற கால் படிக்கொருதரம் நிற்கும். இந்தக் கால்கள் நிற்கவில்லை. வெறுங்கையோடு ஏறுகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் ஏறப் பார்க்கிறார்கள்.

முகை, கதவைத் திறக்காதே. யார் கூப்பிட்டாலும் திறக்காதே. அண்ணன் கூப்பிட்டாத் திறக்கவே திறக்காதே. மேல்தாழ்ப்பாளையும் போடு. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடு. ஆமா கண்ணு, தரணிதான். எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்பக் கேக்காதே. தெருப் பேரைச் சொல்லு. இங்க ஒரு அம்மிணி போலீசுக்குப் போடறாங்க. தெருப் பேரு மட்டும் சொல்லு சாமி.

யாருமில்ல. பக்கத்துல யாருமில்ல கண்ணு. இல்ல, ஒருத்தங்க இருக்காங்க, பஸ்ஸுல வந்தவங்க, நம்ம ஆளு இல்ல. சத்தியமா. சத்தியமா கண்ணு.

சொல்லமாட்டேன் என்கிறாள், அம்மிணி. எனக்கு அவள் சன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். மேசை எத்தனை அகலம் என்று தெரியும். அந்த வீட்டில் என்றைக்குக் கரண்ட் போனது என்று தெரியும். தெருப் பெயர் தெரியாது. தரணி அதை எனக்குச் சொல்லவே இல்லை.

இந்தாருங்கள், பிடியுங்கள். நீங்கள் பேசுங்கள். என் குரல் வேண்டாம். இனி என் குரல் எதைக் கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் மகள் பெயரைச் சொல்லுங்கள். சீக்கிரம். பெட்டியை விடுங்கள், அம்மிணி. அது கீழே விழுந்தால் விழட்டும்.